மலை ஏறினால்தான் காசு

கரண்டுத்தறி வந்த புதிதில், சோமனூரில் முதலாளி மயில்சாமியின் தறிக்கூடத்தில் வழுக்கி விழுந்து கணுக்காலை உடைத்துக்கொண்டேன். செலவு முதலாளியுடையது. டாக்டர் வீட்டுக்கே வந்து மாவுக்கட்டுப் போட்டார். அடுத்து வந்த நாட்டு எலும்பு வைத்தியர் அப்புசாமி அது சரியில்லையென்று உடைத்துவிட்டு, உளுந்துமாவும் முட்டையும் பூசி மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். டாக்டர் அதை அவிழ்த்தெறிந்து மறுபடியும் மாவுக்கட்டுப் போட்டார். ஒவ்வொரு கட்டுக்கும் காசு. வீக்கம் மட்டும் வடியவேயில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதலாளியை வரவழைத்துக் கத்தினேன்.

"இனிக் கட்டுக்குக் காசு குடுக்காதீங்க! தைப்பூசத்துக்கு நான் சிவன்மலைப் படியேறுனா ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தொகை. ஏறலீன்னா ரெண்டு பேருக்குமே இல்லீங்க!"

முதலாளி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

மறுநாளே இருவரும் என் கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உட்கார்ந்துவிட்டார்கள். கட்டுப் போடுவது டாக்டர். கட்டுப் பிரித்தபின் எண்ணெய் தடவி நீவுவது அப்புசாமி. நான் தறிப்பக்கம் நகர்ந்தால் திட்டுவது இரண்டு பேரும்.

தைப்பூசத்தன்று ஆளுக்கொரு பக்கம் துணைக்கு வந்தார்கள். "அரோகரா!" என்று கூட்டம் முழங்க, உச்சிப் படியில் கால் வைத்துத் திரும்பினேன். நாலு படி கீழே டாக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்புசாமி குந்தி உட்கார்ந்து அதை நீவிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதுக்குக் காசு யாருங்க குடுக்கறது?" என்றேன்.

அப்புசாமி நிமிரவேயில்லை.

"மொதல்ல டாக்டரு மேல ஏறட்டுமுங்க!"