கைமாறிய மருந்து

கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் மருந்தும் கறிவேப்பிலை மாதிரிதான். ஒரு வீட்டில் மிஞ்சினால் அடுத்த வீட்டுக்குப் போகும். அரசு டிஸ்பென்சரியில் மருந்தை மொத்தமாகக் கொடுத்துவிடுவதால் எல்லார் அலமாரியிலும் ஏதாவது மிச்சம் இருக்கும். கொடுப்பவருக்கும் சந்தோஷம், வாங்குபவருக்கும் சந்தோஷம்.

சியாமளாவுக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உள்ளே இருக்கவேண்டிய திசு வெளியிலும் படர்ந்து, மாதாமாதம் உயிரை வாங்கும் வலி. கடைசியில் கர்ப்பப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வலி போயிற்று, வெப்பம் வந்தது. அலுவலகத்தில் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முகம் எரியும். தூக்கம் என்பதே இல்லை.

மேல் வீட்டு வைதேஹி மாமிக்கு மனசு கேட்கவில்லை.

"இந்தா, ஈஸ்ட்ரோஜென் ஜெல். இந்த எரிச்சலுக்கு ஹார்மோன் மருந்து. எனக்கு டாக்டர் எழுதிக் குடுத்தது, தினம் கையில தடவிக்கறேன். எனக்குக் கர்ப்பப்பையைக் கட்டிக்காக எடுத்தா, உனக்கு வலிக்காக எடுத்தா. ஆபரேஷன் ஒண்ணுதானே?"

சியாமளா தடவிக்கொண்டாள். நன்றாகத் தூங்கினாள். பூஜையில் விளக்கேற்றும்போது மாமிக்காகவும் ஒரு நமஸ்காரம் செய்தாள். மாமி டிஸ்பென்சரிக்குப் போகும்போதெல்லாம் இவளுக்கும் ஒரு டியூப் வந்தது.

ஹோலி முடிந்த வாரம் பழைய வலி திரும்பியது. பிறகு ரத்தம் பட்டது. கர்ப்பப்பை இல்லாதவளுக்கு ரத்தம் எங்கிருந்து வரும்?

கணவர் சேஷன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தது. ஹார்மோன் ஏதாவது எடுத்துக்கொள்கிறீர்களா என்று டாக்டர் சுஷ்மா இந்தியில் கேட்டார்.

"நஹி ஜி," என்றாள் சியாமளா.

பக்கத்தில் சேஷன் இருந்தார். விஷயம் தெரிந்தால் மாமி வீட்டோடு அவர் பேச்சையே நிறுத்திவிடுவார் என்பது அவள் பயம்.

டாக்டரின் நெற்றி சுருங்கியது. சினைப்பையும் இல்லை, ஹார்மோனும் இல்லை, அப்படியானால் இது ஏன் வளர்கிறது? புற்றுநோயாக மாறியிருக்கலாம், மறுநாளே வந்து பயாப்சிக்குத் திசு கொடுக்க வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் ரசம் கொண்டுவந்த மாமி விஷயத்தைக் கேட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஜெல் தடவிக்கறதைச் சொன்னியோ?"

"இல்லை மாமி. உங்க பேரு அடிபடும்."

"என் பேரு என்ன, கெஜட்ல வர பேரா? அசடு! நாளைக்கு நானும் வரேன்."

"இவருக்குக் கோபம் வந்தா என்ன பண்ணுவேள்?"

"வரட்டும். திட்டு வாங்கினா நான் ஒண்ணும் தேஞ்சுபோயிட மாட்டேன்."

மாமி சொன்னபடி வந்தாள். டாக்டர் எதிரில் டியூபை வைத்து, தனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். சேஷனின் முகம் இறுகியது.

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "அச்சா கியா, பதா தியா," என்றார். சொன்னது நல்லதாகப் போயிற்று என்று அர்த்தம். பிறகு பொறுமையாக விளக்கினார். மாமிக்கு அந்த ஜெல் சரி. ஆனால் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவர்களுக்கு, எல்லாம் எடுத்த பிறகும் உள்ளே ஒட்டிக்கொண்டு கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். ஈஸ்ட்ரோஜென் மட்டும் தனியாகப் போனால் அது மறுபடி வளரலாம். மிக அபூர்வமாகப் புற்றுநோயாகவும் மாறலாம். அதனால்தான் இவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வளர்ச்சியை அடக்கும் புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோனும் சேர்த்துத் தருவது. இப்போதைக்கு ஜெல்லை நிறுத்த வேண்டும். பயாப்சி செய்தே தீர வேண்டும்.

திசு எடுத்து முடியும்வரை மாமி வெளியே பெஞ்சில் கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். சேஷன் வெகுநேரம் ஜன்னலோரம் நின்றார். பிறகு கேன்டீனுக்குப் போய் இரண்டு டீயோடு வந்தார்.

"காலையிலேர்ந்து பட்டினியா இருக்கேளே மாமி, குடியுங்கோ."

மாமிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. உபகாரம் செய்யும் மனசைக் கடவுள் எளிதாகக் கொடுத்துவிடுகிறார். அது தவறிப்போனால் முன்னால் வந்து நிற்கும் தைரியத்தைத்தான் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. மாமி வாங்கியிருந்தாள்.

ரிசல்ட் அடுத்த வாரம் வந்தது. புற்றுநோய் இல்லை. பழைய நோயின் மிச்சம்தான் வளர்ந்திருந்தது. சில மாதங்கள் எந்த ஹார்மோனும் இல்லாமல் இருந்து, கட்டி சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும். வெப்பத்துக்கு வேறு வழி பார்க்கலாம் என்றார் டாக்டர்.

சியாமளா ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே மாமிக்கு ஃபோன் செய்தாள். ரிசல்ட்டைச் சொன்னாள்.

"முருகா!" என்றாள் மாமி. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, "இனிமே ராத்திரி தூக்கம் வரலைன்னா எனக்கு ஒரு ஃபோன் பண்ணு. மருந்தெல்லாம் தர மாட்டேன். பேசிண்டிருக்கேன்," என்றாள்.