புகைக்குக் குளியல்

அனல் மின் நிலையத்தில் கொதிகலன் பிரிவு முழுக்க அவர் கையில். ஊர் வைத்த பெயர் புகைராசா. அந்த நெட்டைப் புகைபோக்கி எழும்பிய பிறகு ஊரில் கரி விழுவதில்லை, கொடியில் காயும் வெள்ளைச் சட்டை வெள்ளையாகவே இருக்கிறது. அந்தப் பெருமை முழுவதையும் அவர் ஒண்டியாகவே சுமந்து திரிந்தார். புகை எங்கே போகிறது என்று யாராவது கேட்டால், "மேலே" என்பார். மேலே போனது அங்கேயே இருந்துகொள்ளும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

மலைக்கு அந்தப் பக்கம் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் புருஷனுக்கு ஏரியில் மீன் வளர்ப்பு. விடுமுறைக்குப் போன புகைராசா ஏரியைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"என்னா சுத்தம் மாப்ளே! அடித்தரை வரைக்கும் தெரியுதே!"

"தெரியுது மச்சான். பாக்கத்தான் உள்ள ஒண்ணும் இல்ல."

நத்தை போச்சு, மீன் முட்டை பொரிக்கவில்லை, மழையில் அமிலம் இருக்கிறது என்று மீன்துறைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். இந்த முறையும் குஞ்சு பிழைக்காவிட்டால் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். "சுண்ணாம்புக்கல் பொடி தூவினா தண்ணி தேறுமாம். அதுக்கு எங்க போறது?" என்றார் மாப்பிள்ளை. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை என்றால் புகைராசாவுக்கு உயிர்.

"பொடிதானே? நான் பாத்துக்கறேன்!"

அவர் நிலையத்துக் கிடங்கில் பொடி மலைமாதிரி கிடந்தது. புகையைக் கழுவ அங்கே ஒரு கோபுரம் உண்டு, தொழிலாளிகள் அதைக் 'குளியலறை' என்பார்கள். அதன் பம்புகள் மின்சாரத்தை மென்று விழுங்குவதால், சோதனைக்கு அதிகாரி வருகிற நாளில் மட்டும் புகைக்குக் குளியல். அந்த ஏற்பாடே புகைராசாவின் யோசனைதான். மேலிடம் முதுகில் தட்டிக்கொடுத்திருந்தது. தேங்கிய பொடியில் இரண்டு லாரி கேட்டதும் தாராளமாகத் தூக்கிக் கொடுத்தார்கள்.

லாரிகள் ஏரிக்கரையில் வந்து நின்றதும் மாப்பிள்ளை அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நாற்காலி வந்தது, தேநீர் வந்தது. புகைராசா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"ஆமா மச்சான், கரண்ட் எடுக்கற இடத்துல இவ்வளவு பொடி எதுக்கு?"

"நிலக்கரியில கந்தகம் இருக்கு மாப்ளே. எரிச்சா புகையோட வரும். அதைப் பம்பு போட்டுக் கழுவத்தான்."

"கழுவாம விட்டா?"

"விட்டா, மேகத்துல கலந்து, அமிலமாகி..."

புகைராசா காலைக் கீழே இறக்கினார். இத்தனை வருடம் மற்றவர்களுக்குப் பாடம் எடுத்த விஷயம், தன் வாயாலேயே சொல்லிக் கேட்டபோதுதான் உறைத்தது. மாப்பிள்ளை சுமந்து வந்த பொடி மூட்டையைத் தோளிலிருந்து இறக்கி வைத்தார்.

தங்கை மலை உச்சியைப் பார்த்தாள். தேநீர்க் குவளையை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"மழை கட்டிக்கிட்டு வருது அண்ணா. ஓடு, போய் அந்தப் பம்பைப் போடு."