பச்சைமுத்து வேலை பார்த்த இடம்

பாரிமுனையில் பஸ்ஸை விட்டு இறங்கி, கடற்கரை ஸ்டேஷன் பக்கமாக நடந்து, இரண்டு மாடி ஏறி, கம்பெனி ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் பொன்னி தன் இடது செருப்பின் வார் அறுந்திருப்பதைக் கவனித்தாள். எங்கே அறுந்தது என்று தெரியவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறும்போதே அறுந்திருக்கலாம். கால் அதை இழுத்துக்கொண்டே வந்திருக்கிறது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை, காலும் சொல்லவில்லை.

இரண்டு மாதமாக இப்படித்தான். அவள் புருஷன் பச்சைமுத்து துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன். பதினாலு வருஷம் ஒரே கம்பெனி. மாசத்துக்கு ஒரு தடவை, ஒலக்கூருக்கு உள்ளே தள்ளியிருந்த அவர்கள் ஊருக்கு வந்து, இரண்டு நாள் இருந்து, அதிகம் பேசாமல் திரும்பிப் போவான். மாசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாக்கு அடுக்கில் சாய்ந்தவன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஊரே அழுதது. பொன்னிக்கு அழுகை வரவில்லை. "அழுதுடுடி, உள்ளயே வெச்சிக்கினு இருக்காத" என்று முதலில் கெஞ்சினார்கள். பிறகு கிணற்றடியிலும் மல்லாட்டைக் கொல்லையிலும் அவள் கண்ணைப் பார்த்துப் பார்த்துப் போனார்கள். பார்த்துவிட்டு ஒருவரோடு ஒருவர் என்னவோ பேசிக்கொண்டார்கள். அவள் களை வெட்டினாள், சோறாக்கினாள், எட்டாவது படிக்கும் மகளுக்குத் தலை வாரிவிட்டாள். யார் என்ன சொன்னாலும் "சரி" என்றாள்.

பச்சைமுத்துவின் அண்ணன் அப்பாதுரை கேட்டதற்கும் அப்படித்தான் சரி சொன்னாள். வேலையில் இருக்கும்போது செத்ததால் குடும்பத்தில் ஒருவருக்குக் கம்பெனி வேலை தருவதாகக் கடிதம் வந்திருந்தது. அப்பாதுரையின் மகன் பத்தாவது முடித்துவிட்டு மூன்று வருஷமாகச் சும்மா இருந்தான். அந்த வேலையை அவனுக்கே கொடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று பொன்னி சொல்வதாக, திண்டிவனத்தில் ஒருவரிடம் மனு எழுதி வாங்கியிருந்தார் அப்பாதுரை. கைநாட்டு வைக்கிற இடம் மட்டும் காலியாக இருந்தது.

"ஆபீசர் வெளிய போயிருக்காரு. மூணு மணிக்கு மேலதான்," என்றார் கிளார்க் சீனுவாசன். மனுவை வாங்கிப் படித்தவர், கண்ணாடிக்கு மேலாகப் பொன்னியைப் பார்த்தார். "இதுல என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்குப் படிச்சிக் காட்டினாங்களாம்மா?"

"அதெல்லாம் தெரியும் சார் அதுக்கு," என்றார் கூட வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாதுரை.

அப்போது வாசலில் ஒரு பெண் மூச்சு வாங்க வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும். கன்னத்தில் சந்தனம் போல எதையோ குழைத்துப் பூசியிருந்தாள். "பச்சைமுத்து அண்ணன் சம்சாரம் வந்திருக்காங்கன்னாங்க," என்றாள். பிறகு பொன்னியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஜெயம். பர்மாவுல இருந்து வந்தவ. பின்னாடி தெருவுல அத்தோ கடை போட்டிருக்கேன். அண்ணன் எங்க கடையிலதான் சாப்பிடுவாரு. வாங்க அண்ணி, மூணு மணி வரைக்கும் இங்க ஒக்காந்து இன்னா பண்ணுவீங்க?"

அப்பாதுரைக்குக் கால் வீக்கம். அதிகம் நடக்க முடியாது. "ஜல்தியா வந்துடு பொன்னி," என்று மட்டும் சொன்னார்.

தெருவில் இறங்கியதும் சத்தம் அவள் மேல் வந்து விழுந்தது. பர்மா பஜாரில் ஒட்டி ஒட்டி நின்ற கடைகளில் குடை, கேசட், வெளிநாட்டு சோப்பு, பேட்டரியில் குரைக்கும் பொம்மை நாய். ஒரு கடைக்காரர் பர்மா பாஷையில் எதையோ கத்த, ஜெயம் அதே பாஷையில் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். செம்பட்டை முடிக்கார மாலுமி ஒருவன் பொன்னியை இடித்துவிட்டு, தன் பாஷையில் ஏதோ சொல்லித் தலையைக் குனிந்து போனான். மூட்டை வண்டி இழுத்தவர்கள் தெலுங்கில் திட்டிக்கொண்டார்கள். மண்ணடிப் பக்கம் திரும்பினால் அத்தர் வாசனை. தொழுகைக்கு அழைக்கும் குரல் ஒரு பக்கம், காளிகாம்பாள் கோயிலுக்குப் போகிறவர்களின் பூக்கூடை ஒரு பக்கம். சேட்டுக் கடை வாசலில் முக்காடு போட்ட அம்மாள் பசுவுக்கு ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். பொன்னி எல்லாவற்றையும் பார்த்தாள். பஸ் கண்ணாடிக்கு வெளியே ஓடும் பனைமரங்களைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

அர்மேனியன் தெருவில் அந்தோணியார் கோயில் முன்னால் வரிசை நீண்டு, தெரு வரைக்கும் வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை. புர்கா போட்ட பெண்ணுக்குப் பின்னால் நெற்றி நிறையக் குங்குமம் வைத்த பெண், அவளுக்குப் பின்னால் கவுன் போட்ட ஒரு கிழவி.

"அண்ணன் செவ்வாக்கெழம ஷிப்ட் முடிஞ்சா நேரா இங்கதான் வருவாரு," என்றாள் ஜெயம்.

"அது சாமியே கும்புடாதே," என்றாள் பொன்னி.

"கும்புட எங்க வந்தாரு? மத்தவங்களுக்கு எடம் புடிச்சி நிப்பாரு. வேலைக்குப் போற பொம்பளைங்க, கைக்கொழந்தக்காரிங்க, 'அண்ணே, எனக்குக் கொஞ்சம் நில்லுங்க'ன்னு சொல்லிட்டுப் போய்டுவாங்க. அவுங்க வர்ற வரைக்கும் கத பேசிக்கினு நிப்பாரு. உருது கூடப் பேசுவாரே, தெரியாதா உங்களுக்கு? போன வாரம் கூட ஒரு அம்மா, எங்க அந்த ஆளுன்னு என்னைக் கேட்டாங்க."

பொன்னிக்குத் தெரியாது. ஊரில் ரேஷன் கடை வரிசையில் கூட அவன் நின்றதில்லை. நின்றாலும் யாரோடும் பேசமாட்டான். வீட்டில் 'சோறு', 'தண்ணி', 'வர்றேன்'. மாதம் இரண்டு நாள் என்று பதினாலு வருஷத்தைக் கூட்டினால் ஒரு வருஷம் கூட முழுதாக வராது. மற்ற நாளெல்லாம் இந்தத் தெருவில் கதை பேசிக்கொண்டு நின்றவன் ஒருவன் இருந்திருக்கிறான். அவனை அவள் ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. பார்க்காத ஒருவனுக்காக எப்படி அழுவது? கோபமாவது வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். அதுவும் வரவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றாள். ஏன் நின்றாள் என்று தெரியவில்லை. முன்னால் நின்றவர்களும் பின்னால் வந்து சேர்ந்தவர்களும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவரவர் பாட்டை அவரவர் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் அப்படி நின்றதில் அவள் தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. சாமி அருகில் போனதும் வேண்டிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் வெளியே வந்தாள்.

கடையில் ஜெயம் நூடுல்சும் முட்டைக்கோசும் வறுத்த வெங்காயமும் போட்டு, புளித்தண்ணீர் விட்டு, அத்தோவைக் கையாலேயே பிசைந்து கொடுத்தாள். வாழைத்தண்டு சூப்பும் கொடுத்தாள். பொன்னிக்கு ருசி எதுவும் தெரியவில்லை. மிளகாய்த்தூள் மட்டும் மூக்கில் ஏறி, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. ஜெயம் அவள் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "அழுங்க அண்ணி," என்றாள். இது காரம் என்று பொன்னி சொல்ல நினைத்தாள். சொல்லாமல், அந்தத் தோளிலேயே கொஞ்ச நேரம் இருந்தாள்.

மூன்றரைக்கு ஆபீசர் வந்தார். மனுவைப் படித்துவிட்டு, "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டார். அப்பாதுரை மை டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினார். பொன்னி கட்டைவிரலைப் பார்த்தாள். களைக்கொத்து பிடித்துப் பிடித்து அதில் ரேகையே தேய்ந்திருந்தது.

"நான் வர்றேன்," என்றாள்.

"எங்க?" என்றார் அப்பாதுரை.

"வேலைக்கி."

சீனுவாசன் தலை நிமிராமலே பேனாவை மூடி வைத்தார்.

"பெண்களுக்குன்னா குடோன் பெருக்கற வேலைதாம்மா," என்றார் ஆபீசர். "தண்ணி எடுத்து வைக்கணும். காலையில ஆறு மணிக்கு இங்க இருக்கணும். முடியுமா?"

"செய்வேங்க."

"இன்னா பொன்னி பேசற?" அப்பாதுரையின் குரல் உடைந்தது. அதட்டல் இல்லை அதில். "வயசுப் பொண்ண வெச்சிக்கினு, யாரும் தெரியாத ஊர்ல..."

"யாரும் தெரியாதுதான் மாமா."

"எம் புள்ள காத்துக்கினு கீறான். அவங்கிட்ட நான் இன்னா சொல்றது?"

அவர் நல்ல மனுஷர்தான். பிணத்தைத் தூக்கி உள்ளே வைத்ததும் அவர்தான். அவருக்காக வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. மறுத்துச் சொன்னது தன் குரல்தானா என்றும் சந்தேகமாக இருந்தது. ஆபீசர் அந்த மனுவை இரண்டாக மடித்து அப்பாதுரையிடமே கொடுத்துவிட்டு, வேறொரு தாளை எடுத்து அவள் பெயரையும் மகள் பெயரையும் கேட்டு எழுதினார். அடுத்த மாதம் முதல் தேதி என்றார். டைப் அடித்து வரும் வரை வெளியே இருக்கச் சொன்னார்.

அப்பாதுரை படியில் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் பக்கம் திரும்பவில்லை. பொன்னி வராந்தாவின் கோடிக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம், குடோன் கூரைகளுக்கு மேலே, துருவேறிய பெரிய கப்பல் ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி ஒரு சின்னப் படகு புகை விட்டபடி அதைத் தள்ளியது. கப்பல் நகர்கிறதா என்றே முதலில் தெரியவில்லை. வெகுநேரம் பார்த்த பிறகு அதன் நிழல் தண்ணீரில் கொஞ்சம் ஒதுங்கியிருந்தது. உள்ளே வருகிறதா, வெளியே போகிறதா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மேல்தட்டில் பனியன் போட்ட ஒருவன் துணி உலர்த்திக்கொண்டிருந்தான்.