பக்கத்து நரம்பு

"கையை அப்படியே போடு. உயிரில்லாத மாதிரி போடு" என்றாள் அக்கா.

"அது ஒண்ணுதான் இந்தக் கைக்கு நல்லா வரும்" என்றான் தம்பி.

அக்கா சிரிக்கவில்லை. சொந்தக்காரர்களுக்குத் தன் கையால் டெஸ்ட் எடுப்பதில்லை என்று பதினேழு வருஷமாக வைத்திருந்த சட்டம் இன்று உடைந்தது. கூட வேலை செய்கிறவள் பிரசவத்துக்குப் போய்விட்டாள். வேறு ஆள் இல்லை.

நரம்புப் பரிசோதனை அறையில் பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு கட்டில், ஒரு திரை, பட்டன் வைத்த ஒரு கம்பி. மணிக்கட்டில் கம்பியை வைத்து மின்சாரம் கொடுத்தால் உள்ளே இருக்கும் நரம்பு கிளர்ந்தெழும். அது போய்ச் சதையைத் தட்டும். சதை துடிப்பது திரையில் அலையாக வரும். வந்தால் உயிர் இருக்கிறது. வராவிட்டால் இல்லை.

தம்பி ஜெனரேட்டர் ஓட்டுகிறவன். இயந்திர அறையில் ஒரு தகடு அவன் முன்னங்கையைக் கிழித்து ஒன்றரை வருஷம் ஆகிறது. அறுந்த நரம்பைத் தைத்தார்கள். தினம் ஒரு மில்லிமீட்டர் வளரும், காத்திருங்கள் என்றார்கள். கட்டைவிரலின் அடிச் சதைக்கு அது எப்போதோ வந்து சேர்ந்திருக்க வேண்டும். இதுதான் கடைசி டெஸ்ட். இன்றைக்கும் அலை இல்லையென்றால், இனி நரம்பே வந்தாலும் சதை எழாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் வேலையிடத்திலும் இந்த ரிப்போர்ட்டுக்காகத்தான் ஆள் போடாமல் வைத்திருந்தார்கள்.

இருபது மில்லிஆம்பியர். கோடு படுத்தே கிடந்தது. முப்பது. நாற்பது.

"என்னக்கா, தூங்குதா?"

"பேசாம இரு."

"எங்க மெஷினும் இப்படிப் பண்ணும். எஞ்சின் ஓடும், ரோட்டர் சுத்தும், மீட்டர்ல சைபர். ரொம்ப நாள் நிறுத்தி வெச்சா உள்ள இருக்கிற மிச்சக் காந்தம் செத்துடும். கிளப்பி விட ஏதாவது இருக்கணும்ல? சும்மா சுத்தினா கரண்ட் வந்துடுமா?"

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"பேட்டரியிலிருந்து ரெண்டு வயர் இழுத்து, சுருள்ல ரெண்டு செகண்ட் தொடுவோம். கப்புனு எழுந்துக்கும். நீயும் கூட்டி வை."

"இது டைனமோ இல்லடா."

"அங்க எனக்குப் பேரே டைனமோதான்." அவன் தலையைத் தூக்கினான். "என் பொண்ணு, உன் மருமக, நேத்து பாடம் படிச்சிட்டிருந்தா. எலக்ட்ரானுக்கு உரிய அளவு கொடுத்தாத்தான் மேல ஏறுமாம். அதுக்குக் கம்மியா எத்தனை தடவை கொடுத்தாலும் இருந்த இடத்துலயே இருக்குமாம். நரம்பும் அந்த ஜாதிதான்னு நீதானே சொன்ன? அளவு வரலைன்னா அசையாதுன்னு?"

சொன்னது உண்மைதான். ஐம்பதுக்கு மேல் தேவையில்லாமல் போகக் கூடாது என்பதையும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள்தான். அக்கா குமிழைத் திருப்பினாள். அறுபது. எழுபது.

"வலிக்குதா?"

"வலிச்சா நல்லதுதானே?"

எண்பது. கட்டைவிரல் துள்ளியது. திரையில் அலை.

"வந்துடுச்சுடா! டேய், வந்துடுச்சு!" அந்த அறையில் அவள் குரல் உயர்ந்தது அதுவே முதல் தடவை. வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவன் அதற்குள் இடது கையால் போன் போட்டுவிட்டான். மனைவி இரண்டு தெரு தள்ளித் தையல் கடையில் இருந்தாள்.

"கட்டைவிரல் ஆடிச்சு... அட, கண்ணால பாத்தேன்ங்கறேன்... கிண்டலா? அக்கா கத்தினது உனக்கே கேட்டிருக்கணுமே!"

அக்கா ரிப்போர்ட்டுக்காக அலை தொடங்கும் இடத்தில் குறி வைக்கப் போனாள். அங்கேயே நின்றுவிட்டாள். அந்தச் சதையின் அலை நேராக மேலே ஏற வேண்டும். இது முதலில் கொஞ்சம் கீழே சரிந்து, பிறகு ஏறியிருந்தது.

மறுபடி எண்பது கொடுத்து, இந்த முறை விரலைப் பார்த்தாள். விரல் உள்ளங்கையை விட்டு மேலே எழவில்லை. உள்பக்கமாக இழுத்தது. கம்பியை மணிக்கட்டின் மறுபக்கம், சுண்டுவிரல் பக்கம் வைத்தாள். அங்கே அடிபடாத இன்னொரு நரம்பு. வெறும் பதினைந்துதான் கொடுத்தாள். அதே அலை, இன்னும் பெரிதாக.

"ஏன்க்கா பேச்சையே காணோம்?"

"நான் ரொம்பக் கூட்டிட்டேன்."

"அதனாலதானே எழுந்துச்சு?"

"எழுந்தது உன் நரம்பு இல்லடா. கரண்ட் பரவிப் பக்கத்து நரம்பைக் கிளப்பிடுச்சு. அது ஒரு சதையை இழுத்துச்சு, விரல் கூடப் போச்சு."



"செத்த கேபிள்ல டெஸ்டர் எரியற மாதிரியா?"

"எப்படி?"

"பக்கத்துல உயிருள்ள கேபிள் ஓடினா, துண்டிச்சதுலயும் டெஸ்டர் மினுக்கும். புதுசா வர்றவன் லைன் இருக்கு, லைன் இருக்குன்னு கத்துவான். நாங்க சிரிப்போம்."

"இன்னைக்குக் கத்தினது நான்தான்."

"சரி, அலைன்னு ஒண்ணு வந்துச்சுல்ல? அதையே எழுதிடேன்."

"எழுதினா டாக்டர் இன்னும் ஆறு மாசம் காத்திருன்னு சொல்லுவார். வேற விரலோட தசைநாரை மாத்திக் கட்டறேன்னாரே, அதுவும் தள்ளிப்போகும். அதுல கொஞ்சம் பிடிமானமாவது வரும்டா."

"பிடிக்க வரும். தொட்டா தெரியுமா?"

அக்கா கம்பியைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள்.

"தெரியாது."

"ஓடற மெஷினோட பேரிங் மேல கட்டைவிரலை வெச்சு, அதிர்வை வெச்சே இது நாலு நாள் தாங்கும், இது நாளைக்கே போயிடும்னு சொல்லுவேன். ஸ்பேனர் பிடிக்கவா என்னை வெச்சிருந்தாங்க?"

'நரம்பில் பதில் இல்லை' என்று அவள் ரிப்போர்ட்டில் தட்டினாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

கதவைத் தட்டாமலே தம்பி மனைவி உள்ளே வந்தாள். கழுத்தில் இஞ்ச் டேப், புடவையெல்லாம் நூல். ஓடி வந்ததில் மூச்சு இரைத்தது.

"எங்க, காட்டுங்க! போன்ல மட்டும் பெருசா அளந்தீங்களே!"

அவன் அக்காவைப் பார்த்தான். "ஒரே ஒரு தடவை போட்டுக் காட்டுக்கா. அவ பாக்கட்டும்."

"வேண்டாம்டா."

"அக்கா."

அக்கா எண்பதில் வைத்து அழுத்தினாள். விரல் துள்ளி உள்ளே போனது. தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள். "இன்னொரு தடவை அண்ணி."

"இல்லம்மா. இது அடிபட்ட நரம்பு இல்ல. பக்கத்து நரம்பு."

"எந்த நரம்பா இருந்தா என்ன அண்ணி? அசையுதுல்ல?"

"மெஷினை எடுத்துட்டா அசையாதும்மா."

தம்பி மனைவி அவளைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், கட்டிலில் கிடந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"அப்ப எடுக்காதீங்க அண்ணி."