செத்தவர் முகம் போட்ட காசு

தமிழ்ப் பள்ளி விழா மண்டபத்தின் வாசலில் அடுக்கியிருந்த வெள்ளிக் காசுகளில் ஒன்றை எடுத்துப் பார்த்ததுமே றஜீனாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பக்கம் அவளுடைய அண்ணன் ரதீசனாம். மொட்டைத் தலையில் சுருள்முடி வளர்ந்திருந்தது. சோடாப்புட்டிக் கண்ணாடியைக் காணோம். மேலுதட்டுத் தழும்பையும் வழித்தெடுத்துவிட்டார்கள். மறுபக்கம் கொட்டை எழுத்தில் 'தலைவர் கணேசலிங்கம்'.

லண்டன் வெஸ்ட் ஈலிங்கில், சனிக்கிழமைகளில் நடக்கும் இந்தத் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியவர் ரதீசன். நிர்வாகத்துக்குத் தேர்தல் வேண்டும் என்று கேட்டாரே, அந்த ஒரு குற்றத்துக்காக அவரை வெளியே தள்ளியவன் கணேசலிங்கம். அதிலிருந்து எட்டாம் மாதம் மாரடைப்பில் அண்ணன் போய்ச் சேர்ந்தார். இப்போது பெற்றோர்கள் ஒற்றைக்காலில் நின்று தேர்தலை வாங்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு வாக்கெடுப்பு. தலைவர் பதவிக்குக் கணேசலிங்கமும் நிற்கிறான். உடனே மகாராசாவுக்கு ரதீசன்மேல் பாசம் பொங்கிவிட்டது.

றஜீனா பதினெட்டு வருடமாகப் பழங்காசுக் கடையில் வேலை செய்பவள். அலெக்சாந்தர் செத்ததும் அவனுடைய தளபதிகள் நாட்டைப் பிய்த்துக்கொண்டார்கள். அவர்களில் லிசிமாக்கஸ் என்பவன் அடித்த காசில் முகம் அலெக்சாந்தருடையது, காதோரம் தெய்வத்துக்குரிய ஆட்டுக்கடாக் கொம்பு வேறு. மறுபக்கத்தில் அரசன் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டான். அந்தக் காசை எத்தனை தரம் கையில் வைத்து அழகு பார்த்திருப்பாள். இன்றைக்கு அதை நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

"முதல் காசை அண்ணையின்ர தங்கச்சிக்குக் குடுக்கிறம்," என்று கணேசலிங்கம் மேடைக்குக் கூப்பிட்டான்.

போனாள். படம் எடுப்பவர்கள் முன்னால் வந்துவிட்டார்கள். இதைக் கைநீட்டி வாங்கிச் சிரித்தபடி நின்றால் அண்ணனே அவனுக்கு வாக்குக் கேட்டதாகிவிடும். அவள் கையை நீட்டவில்லை.

"இது ஆர்?"

"என்ன தங்கச்சி, அண்ணையைத் தெரியேல்லையோ?"

"என்ர அண்ணைக்குத் தலையில மயிர் இல்லை. நீங்கள் துரத்தின மனுசனுக்கும் இல்லை."



"வாங்குங்கோ தங்கச்சி, எல்லாரும் பாக்கினம்," என்று பல்லைக் கடித்தான். பிறகு சபைப் பக்கம் திரும்பிக் குரலை இளக்கிக்கொண்டு, "ரதீசன் அண்ணை இண்டைக்கு இருந்திருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பார்," என்றான்.

றஜீனா ஒலிவாங்கியை அவன் கையிலிருந்து பறித்தாள்.

"அண்ணை இருந்திருந்தா அடுத்த ஞாயிறு உங்களுக்கு எதிராத்தான் நிண்டிருப்பார். செத்தபடியாத்தான் காசில ஏத்தினனீங்கள்."