லட்சத்தில் ஐந்து பேர்

வெளிச்சப் பலகையில் ஜிபாருடைய மகளின் தலைப் படத்தைச் செருகிய டாக்டர், பிடரிப் பக்கம் வால்நட் அளவில் வெளுத்துத் தெரிந்த இடத்தைப் பேனாவால் தொட்டுக் காட்டினார். "மூளைல கட்டிம்மா. ரொம்ப அபூர்வம். வருஷத்துக்கு லட்சம் புள்ளைங்கள்ல அஞ்சாறு பேருக்குத்தான் வரும்."

ஜிபார் நரின் என்ற மலையூரில் பள்ளிக்கூடச் சமையல்காரி. எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சூப் ஊற்றுகிறாள். ஒருவருக்கும் இப்படி வந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அவ்வளவு அபூர்வமானது தன் வீட்டுக்கு எதற்கு வரப்போகிறது என்று மனசு ஒரு கணம் லேசாகிவிட்டது. அதற்குள் டாக்டரே, "புள்ளைங்களுக்கு வர்ற கட்டிகள்ல இதுதான் அதிகம். எங்களுக்கு இது தினம் பாக்குறதுதான், பயப்படாதீங்க" என்றார்.

அபூர்வமா, அதிகமா? கேட்க வாயெடுத்தவள், படிக்காதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று வேறொன்றைக் கேட்டாள். "நாங்க என்ன தப்பு பண்ணோம்?"

"யாரும் ஒண்ணும் பண்ணல. பெரும்பாலும் ஏன் வருதுன்னு எங்களுக்கே தெரியாது."

அதுதான் அவளை அதிகம் கலக்கியது. தப்பு என்று ஒன்று இருந்தால் அழுது மன்னிப்புக் கேட்கலாம். மகள் ஐசல்கின் காலையில் வாந்தி எடுத்தபோது பூச்சி மருந்து கொடுத்தது, நடக்கையில் தடுமாறியபோது "பிறந்த குதிரைக்குட்டி மாதிரி நடக்கறா பாரு" என்று வீடே கேலி செய்தது, இதில் எதையாவது அவர் பிடித்துக்கொண்டு திட்டியிருக்கலாம்.

ஊரிலிருந்து போனில் கணவன் குபாத் கத்தினான். "லட்சத்துல அஞ்சுன்னா நம்ம வீட்டத் தேடியா வரும்? படம் மாறிப் போயிருக்கும். அவ தலையில கத்திய வைக்க விடாத. நான் வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவன் சொல்வதும் சரியென்றுதான் பட்டது. டாக்டர் சொன்னதும் சரியென்றே பட்டது. ஜிபார் மகளின் துணிகளைப் பையில் அடுக்கினாள்; எடுத்து மறுபடி வார்டு அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் மலைப்பாதையின் புழுதியோடு குபாத் வார்டு வாசலில் வந்து நின்றான். "பைய எடு" என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான். எல்லாக் கட்டிலிலும் பிள்ளைகள். மழித்த தலைகள், கட்டுப்போட்ட தலைகள். ஒரு சின்னப் பெண் கட்டிலில் நின்றபடி எட்டி அவன் வெள்ளைக் கம்பளித் தொப்பியைப் பிடுங்கித் தன் தலைக்கட்டின் மேல் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள்.

"இத்தன பேரா?" என்றான்.

அந்தப் பெண்ணின் அம்மா சனோபர், ஓஷ் நகரத்துப் பக்கத்து உஸ்பெக்காரி. தொப்பியை வாங்கித் திருப்பி நீட்டினாள். "நாட்டுல இந்தக் கட்டி வந்த எல்லாரும் இங்கதானண்ணே வந்தாகணும்."

"அபூர்வம்னு சொன்னாராமே. அப்ப டாக்டர் பொய்யா சொன்னாரு?"

"பொய் இல்ல. ஊர்ல இருக்கறவரைக்கும் அபூர்வம். இந்த வாசலத் தாண்டிட்டா எல்லாருக்கும் அதான்."

குபாத் தொப்பியை வாங்கவில்லை. "இருக்கட்டும், பாப்பா போட்டுக்கட்டும்" என்று மகளின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். ஐசல்கின் அவன் முகத்தையே பார்த்தாள். "வீட்டுக்குப் போறமாப்பா?"

அவன் ஜிபாரைப் பார்த்தான். அவள் என்ன சொல்வாள்?

"கட்டிய எடுத்துட்டுப் போலாம்டி" என்றாள். அது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அறுவைச் சிகிச்சை முடிந்ததும் டாக்டர் வந்தார். பெரும்பகுதியை எடுத்தாயிற்று, கட்டி எந்த வகை என்று பரிசோதனை முடிவு வந்தால்தான் சொல்ல முடியும் என்றார். நல்லதா கெட்டதா என்று குபாத் கேட்டதற்கு, "இப்பத் தெரியாது" என்றார்.

ஒருவரை மட்டும் உள்ளே விட்டார்கள்; ஜிபார் போனாள். ஐசல்கின் கண் திறந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அம்மா, நீ ரெண்டு பேரா தெரியற."

"ரெண்டு பேரும் நான்தான்டி."

"எந்தப் பக்கம் இருக்க?"

பதிலுக்குக் காத்திராமல் மகள் கையை நீட்டினாள். கை அம்மாவை விட்டு விலகி, பக்கத்து வெற்றிடத்தில் துழாவியது. ஜிபார் நாற்காலியிலிருந்து எழுந்து, அந்தக் கை தேடுகிற இடத்தில் போய் நின்றாள்.