ரொம்ப அபூர்வம்

அப்பா ஐனாரின் உலர்ந்த உதட்டில் ஈரப்பஞ்சை ஒற்றி எடுத்தாள் சோல்வை. மேற்கு யூட்லாந்தின் காற்று பண்ணைவீட்டுக் கண்ணாடியை அறைந்துகொண்டிருந்தது. அப்பாவுக்கு எலும்பு மஜ்ஜையில் ரத்தப் புற்றுநோய். முதுகுவலியாகத்தான் ஆரம்பித்தது. தீவன மூட்டை தூக்கியதால் வந்த பிடிப்பு என்று தைலம் தேய்த்தே மனிதர் ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். அதை நினைத்தாலே சோல்வைக்கு வயிறு எரிந்தது.

எரியாதா பின்னே? அவள் உத்தியோகமே அந்த நோய்தான். நாட்டில் யார் யாருக்குப் பிள்ளை, யாருக்கு என்ன வியாதி, யார் எதனால் செத்தார்கள் என்று தனித்தனியாகக் கிடக்கும் அரசுப் பதிவுகளை ஒன்றோடொன்று இணைத்து, ரத்தப் புற்றுநோய் குடும்பத்தில் தொடர்கிறதா என்று கோபன்ஹேகனில் உட்கார்ந்து பார்ப்பவள் அவள்.

"உன் கணக்குல நான் எங்கம்மா இருக்கேன்?" என்றார் ஐனார், கண்ணைத் திறக்காமல்.

"அதுல பேரெல்லாம் இருக்காதுப்பா. எடுத்துட்டுத்தான் எங்ககிட்டக் குடுப்பாங்க."

"அநியாயமா இருக்கே! ஆயுசு பூரா வரி கட்டினேன், பேரைக்கூடவா விட்டுவைக்கல?"

சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அடங்கியதும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஈவருக்கும் இது வருமா?"

தம்பி ஈவர் கதவில் சாய்ந்து நின்றிருந்தான். தொழுவத்திலிருந்து நேராக வந்திருந்தான்.

"பிள்ளைங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம்ப்பா."

பொய்யில்லை. லட்சக்கணக்கானவர்களின் பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னதுதான்.

"எனக்கு வந்ததையும் அபூர்வம்னுதான் டாக்டர் சொன்னாரு."

சோல்வை பஞ்சை மறுபடி நனைத்தாள்.

மத்தியானம் மூச்சு நின்றது. உயிர் வெளியே போகட்டும் என்று அவள் எழுந்து சன்னலைத் திறந்துவிட்டாள். ஈவர் முற்றத்துக் கொடிமரத்தில் துக்கத்துக்காகக் கொடியைப் பாதி உயரத்தில் கட்டிவிட்டு, அதன் அடியிலேயே உட்கார்ந்து அழுதான். அவளும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"டேய், நீயும் ஒரு தடவை ரத்தத்தை டெஸ்ட் பண்ணிப் பார்த்துடுடா."

"நீதானக்கா அபூர்வம்னு சொன்னே?"

"அது அப்பாவுக்காகச் சொன்னது."

"அப்போ பொய்யா?"

"பொய்யில்லடா..."

"அப்புறம் என்ன? நான் ஆஸ்பத்திரியில போய் உக்காந்தா மாட்டை நீ பாத்துப்பியா? எனக்கு ஒண்ணுமில்ல, விடு."

அவள் சொன்ன வார்த்தையை வைத்தே அவள் வாயை அடைத்துவிட்டான். தன் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் காப்பியும் கேக்கும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். சோல்வை கோப்பைகளைக் கழுவினாள். அடக்கம் முடிந்ததும் கொடியை உச்சிக்கு ஏற்றிவிடுவது ஊர் வழக்கம். சமையலறைச் சன்னல் வழியே பார்த்தாள். ஈவர் கயிற்றை அவிழ்த்து, கையை உயர்த்தி ஒரு இழுப்பு இழுத்தான். இன்னொன்று.

பிறகு ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி, மறு கையை மெல்லப் பின்னால் கொண்டுபோய் இடுப்புக்கு மேலே முதுகை அழுத்திக்கொண்டான். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

அவள் சட்டென்று குனிந்து, கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள். நிமிர்ந்தபோதும் கொடி உச்சிக்குப் போயிருக்கவில்லை.